போட்டிக்குப் போன இடத்தில் துப்பாக்கி மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்து மாற்றுச் சாமான் கட்டும் முறை

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து ஜொஹானஸ்பர்க் என்3 நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 570 கிலோமீட்டர். புளூம்ஃபொன்டைன் அதைவிடத் தூரம். சொந்த கிளப்பில் ஒரு திருகு கழன்றால் வீட்டுக்குப் போன் போட்டு எடுத்து வரச் சொல்லலாம். வழியில் மலையேறும் வான் ரீனன் கணவாயைத் தாண்டிய பிறகு பையில் இருப்பதுதான் உங்களுக்கு உண்டு. அதனால் பெரும்பாலானவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் பைக்குள் திணிக்கிறார்கள். மூன்று பாட்டில் எண்ணெய் இருக்கும், ஃபயரிங் பின் (தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி) ஸ்பிரிங் இருக்காது.

நான் சொல்வது வேறு வரிசை. என்ன கெட்டுப்போகும், அது எப்படித் தெரியும், தெரிந்ததும் சுடும் கோட்டில் என்ன செய்யலாம், பிறகு என்ன மாற்ற வேண்டும் என்று பின்னாலிருந்து யோசித்துப் பையைக் கட்டுங்கள். இங்கே எழுதியிருப்பது ஐ.பி.எஸ்.சி. (நடைமுறைத் துப்பாக்கிச் சுடுதலின் உலகக் கூட்டமைப்பு) விதிப்படி 9 மி.மீ. பிஸ்டலோடு ப்ரொடக்‌ஷன் அல்லது ப்ரொடக்‌ஷன் ஆப்டிக்ஸ் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிநோக்கி பொருத்தியது) பிரிவில் சுடுபவர்களுக்காக. 2002-ல் பீட்டர்ஸ்பர்க்கிலும் 2025-ல் மட்லோசானாவிலும் உலகப் போட்டியே இந்த நாட்டில் நடந்தது. டர்பனை ஒட்டிய நம் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், வெருலம் பக்கத்துப் பிள்ளைகள் இந்த விளையாட்டுக்குள் தைரியமாக வர வேண்டும், வந்தவர்கள் ஒரு சின்ன ஸ்பிரிங்குக்காகத் தோற்றுத் திரும்பக் கூடாது என்பது என் ஆசை.

எதையும் கழற்றுவதற்கு முன்

மூன்று விதிகள் மனப்பாடமாக இருக்கட்டும். எந்தச் சாமான் பயன்படும், எது பயன்படாது என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன.

ஸ்டேஜ் (போட்டியின் ஒரு சுற்று) நடுவில் துப்பாக்கி நின்றுபோனால் சரிசெய்ய உங்களுக்கு 2 நிமிடம். குழல் வாய் பாதுகாப்பான திசையிலும், விரல் டிரிகர் வளையத்துக்கு வெளியிலும் இருக்க வேண்டும். துப்பாக்கி கெட்டது என்பதற்காக அந்த ஸ்டேஜைத் திரும்பச் சுட விடமாட்டார்கள். ஆகவே, கோட்டில் நிற்கும்போது உதவக்கூடியது இடுப்பில் இருக்கும் அடுத்த மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) ஒன்றுதான். மற்ற எல்லாச் சாமானும் அடுத்த ஸ்டேஜைக் காப்பாற்றத்தான்.

இரண்டாவது, துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்ப்பதும் பிரிப்பதும் பாதுகாப்புப் பகுதி என்று பலகை வைத்த இடத்தில் மட்டும். அங்கே தோட்டாவைத் தொடக் கூடாது. போலித் தோட்டாவும் கூடாது, நிரப்பிய மேகசினும் கூடாது. மீறினால் போட்டியிலிருந்தே வெளியேற்றம். இதனால் பையை இரண்டாகப் பிரித்துவிடுவது நல்லது. கருவிகளும் உதிரிகளும் உள்ள சின்னப் பை தனி, தோட்டாப் பை தனி. பாதுகாப்புப் பகுதிக்குச் சின்னப் பை மட்டும் போகட்டும். பதற்றத்தில் ஒரே பைக்குள் கைவிட்டால் எது கையோடு வரும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, துப்பாக்கியையோ குறிநோக்கியையோ போட்டி நடுவில் மாற்ற ரேஞ்ச் மாஸ்டர் (மைதானத்தின் தலைமை அதிகாரி) அனுமதி வேண்டும். முதலாவது கெட்டுப்போனது அல்லது ஆபத்தானது என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். இதைப் பற்றிக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

அறிகுறி: டிரிகர் இழுத்தால் 'கிளிக்', வெடிக்கவில்லை

கோட்டில்: மேகசின் அடியில் ஒரு தட்டு, ஸ்லைடை (துப்பாக்கியின் மேல் முன்னும் பின்னும் நகரும் பகுதி) ஒரு இழுப்பு, தொடர்ந்து சுடுங்கள். கீழே விழுந்த தோட்டாவைப் பற்றி அப்போது யோசிக்க வேண்டாம்.

ஸ்டேஜ் முடிந்ததும் அதைத் தேடி எடுத்து ப்ரைமரை (தோட்டாவின் அடியில் தீ மூட்டும் சின்ன மூடி) பாருங்கள். இந்தப் பார்வைதான் நோயைச் சொல்லும். பள்ளம் ஆழமாக விழுந்தும் வெடிக்கவில்லை என்றால் குற்றம் தோட்டாவில். பள்ளம் ஆழமில்லாமல் லேசாக இருந்தால் இரண்டு வழி உண்டு. ஒன்று, ப்ரைமர் கூட்டுக்குள் முழுதாக உட்காரவில்லை. முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடுகிறது. வீட்டில் தோட்டா நிரப்புபவர்களிடம் அடிக்கடி பார்ப்பது இதுதான். இரண்டு, ஃபயரிங் பின் போதிய வேகத்தில் அடிக்கவில்லை.

இரண்டாவதற்கு நம்மூர்க்காரர்கள் எதிர்பார்க்காத ஒரு காரணம் உண்டு. ஜூலை மாதக் காலையில் டர்பன் கடற்கரையில் பத்து டிகிரிக்கு மேல் இருக்கும். அதே காலையில் ஜொஹானஸ்பர்க் பக்கத்து ஹைவெல்ட் மேட்டில் புல்லெல்லாம் உறைபனி. ஃபயரிங் பின் ஓடும் துளைக்குள் எண்ணெய் விட்டிருந்தால், அது குளிரில் கெட்டியாகிப் பின்னின் வேகத்தைக் குறைக்கும். டர்பனில் ஒழுங்காக ஓடிய துப்பாக்கி அங்கே முதல் ஸ்டேஜிலேயே கிளிக் போடும். மதியம் வெயில் ஏறியதும் தானாகச் சரியாகிவிடும், அதனால் காரணமும் பிடிபடாது. அந்தத் துளை எப்போதும் உலர்ந்தே இருக்கட்டும்.

டிரிகர் இலகுவாக வேண்டும் என்று மெலிந்த ஸ்பிரிங் போட்டவர்கள் பையில் தொழிற்சாலை ஸ்பிரிங் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். டிரிகர் கொஞ்சம் கனக்கும், ஆனால் வெடிக்கும்.

பையில்: ஃபயரிங் பின் ஒன்று, அதன் ஸ்பிரிங் இரண்டு, பின்னைத் தள்ளும் பஞ்ச், துளை துடைக்கப் பஞ்சுக் குச்சி. வெடிக்காத தோட்டாக்களைப் போட ஒரு சின்ன டப்பா. அவற்றைத் திரும்ப மேகசினுக்குள் ஏற்றாதீர்கள்.

அறிகுறி: வெடிச்சத்தத்துக்குப் பதிலாக 'பொப்'

நிறுத்துங்கள். தட்டி இழுத்துச் சுடும் பழக்கம் உயிருக்கு ஆபத்தாகும் ஒரே இடம் இது.

வெடிமருந்து இல்லாமலோ குறைவாகவோ நிரப்பிய தோட்டாவில் ப்ரைமர் மட்டும் வெடித்தால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அடுத்த குண்டு அதன் பின்னால் மோதினால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். பக்கத்தில் நின்று கண்காணிக்கும் ரேஞ்ச் ஆபீசரே "ஸ்டாப்" சொல்லக்கூடும். அவர் நிறுத்திய பின் சோதித்ததில் குழல் சுத்தமாக இருந்தால் திரும்பச் சுட வாய்ப்புக் கொடுப்பார்கள். குண்டு சிக்கியிருந்தால் அதுவரை சுட்டதுதான் கணக்கு. எப்படியும் விரலும் கண்ணும் மிஞ்சும். இந்தச் சத்தத்தை அறியாத புதியவர்களுக்குப் பயிற்சி நாளிலேயே சொல்லிக்கொடுங்கள்.

பையில்: குழலுக்குள் நுழையும் பித்தளைக் கம்பி, ஒரு சின்னச் சுத்தியல். இரும்புக் கம்பி வேண்டாம், குழலின் உட்சுவரைக் கீறிவிடும். சிக்கிய குண்டை எடுத்த பின் குழலை வெளிச்சத்தில் பார்த்து, உள்ளே வளையம்போல் வீக்கம் தெரிந்தால் அந்தத் துப்பாக்கி அன்றைக்கு முடிந்தது. அந்தத் தவணையில் நிரப்பிய மற்ற தோட்டாக்களையும் ஒதுக்கிவிடுங்கள். இரண்டு தவணையாக நிரப்பி, இரண்டு பெட்டியில் தனித்தனியே எழுதி எடுத்துப் போகச் சொல்வது இந்த நேரத்துக்காகத்தான்.

அறிகுறி: தோட்டா பாதி ஏறி, மூக்கு முட்டி நிற்கிறது

பத்துக்கு எட்டு முறை மேகசின்தான். துப்பாக்கியைச் சந்தேகிப்பதற்கு முன் மேகசினைச் சந்தேகியுங்கள்.

கோட்டில்: மேகசினைப் பிடுங்கிக் கீழே போட்டு, ஸ்லைடை இழுத்து, அடுத்ததை ஏற்றுங்கள். அதையே திரும்பச் செருகிப் பார்ப்பது நேர நஷ்டம்.

கண்டுபிடிப்பது எளிது, ஆனால் வீட்டிலேயே ஒரு வேலை செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு மேகசினின் அடித்தட்டிலும் பெயிண்ட் பேனாவால் எண் போடுங்கள். சிக்கிய மேகசினின் எண்ணைக் குறித்து வையுங்கள். இரண்டாம் முறையும் அதே எண் வந்தால் அது பைக்குள் போகட்டும், போட்டி முடியும்வரை வெளியே வர வேண்டாம். எண் மாறி மாறி வந்தால் மட்டும் துப்பாக்கிப் பக்கம் திரும்புங்கள்: தோட்டா ஏறும் சரிவில் அழுக்கு, தளர்ந்த ரீகாயில் ஸ்பிரிங் (ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளுவது), அளவுக்கு மேல் நீளமாக நிரப்பிய தோட்டா.

மேகசின் கெடும் வழிகள் மூன்று. முதலாவது மண். ஃப்ரீ ஸ்டேட் பக்கத்து உலர்ந்த மைதானங்களில் தூசு மாவாக இருக்கும். மேகசின் விழும் ஒவ்வொரு முறையும் உள்ளே கொஞ்சம் போகும், எண்ணெய் தடவியிருந்தால் பசையாகிவிடும். மேகசின் உள்ளே எண்ணெயே வேண்டாம். ஒவ்வொரு ஸ்டேஜுக்குப் பிறகும் தூரிகையை ஒரு முறை விட்டு எடுங்கள். இரண்டாவது வாய்க் கோணல். சரளைக் கல்லில் விழுந்த மேகசினின் உதடுகள் விரிந்திருக்கும் அல்லது நசுங்கியிருக்கும். நல்ல மேகசினோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். மூன்றாவது தளர்ந்த ஸ்பிரிங். கடைசி ஒன்றிரண்டு தோட்டாக்கள் மட்டும் சிக்குகின்றன என்றால் இதுதான்.

எத்தனை வேண்டும்? பெரிய ஸ்டேஜில் விதிப்படி 32 தோட்டாவரை தேவைப்படலாம். ப்ரொடக்‌ஷனில் மேகசினுக்கு 15 என்பதால் ஒரு பிழையும் இல்லாமல் சுட்டாலே மூன்று மேகசின் தீரும். இடுப்பில் நான்கு, துப்பாக்கியில் ஒன்று, பையில் மண்ணே படாத இரண்டு என்று ஏழு வைத்திருப்பவருக்கு நிம்மதி உண்டு. பணம் இறுக்கமாக இருந்தால் இரண்டாவது துப்பாக்கிக் கனவை ஒத்திப்போட்டு மேகசின் வாங்குங்கள். மாற்றுச் சாமான் எல்லாவற்றிலும் போட்ட காசுக்கு அதிகம் திருப்பித் தருவது இதுதான்.

பையில்: மேகசின் ஸ்பிரிங் இரண்டு, ஃபாலோயர் (தோட்டாவை மேலே தள்ளும் தட்டு) ஒன்று, அடித்தட்டு இரண்டு, தூரிகை. அடித்தட்டு உடைந்து தோட்டாவெல்லாம் புல்லில் கொட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இரண்டு எதற்கு என்று தெரியும்.

அறிகுறி: காலிக் கூடு வெளியே வரவில்லை, அல்லது ஸ்லைடில் குத்திட்டு நிற்கிறது

குத்திட்டு நிற்பது பெரும்பாலும் சின்னக் கோளாறு. தோட்டாவின் வலு குறைவு, ரீகாயில் ஸ்பிரிங் கனம், அல்லது கட்டைவிரல் ஸ்லைடை உரசுவது. கூடு அறைக்குள்ளேயே தங்கிவிட்டால், அதை இழுத்து எடுக்கும் எக்ஸ்ட்ராக்டரைப் பாருங்கள். நகம்போன்ற அந்த முனைக்கடியில் பித்தளைத் தூள் அடைந்திருக்கும் அல்லது முனை உடைந்திருக்கும்.

வீட்டில் நிரப்பிய கூடுகளில் இன்னொரு காரணம், அடிப்பாகம் கொஞ்சம் வீங்கியிருப்பது. போட்டிக்கு எடுத்துப் போகும் ஒவ்வொரு தோட்டாவையும் கேஸ் கேஜில் (அளவு சரிபார்க்கும் அச்சு) போட்டு எடுங்கள். 'பொத்'தென்று விழுந்து, திருப்பினால் தானாக வெளியே வர வேண்டும். வராதவை பயிற்சிக்கு. ஒரு மாலை நேர வேலைதான், டி.வி. பார்த்துக்கொண்டே முடித்துவிடலாம்.

கூடோ உயிர்த் தோட்டாவோ சிக்கி, ஸ்லைடும் அசையாமல் போனால் இழுத்துப் போராடாதீர்கள். குழலைத் திசை மாற்றாமல் வைத்துக்கொண்டு ரேஞ்ச் ஆபீசரிடம் சொல்லுங்கள். அந்த நிலையில் துப்பாக்கியோடு கோட்டை விட்டு நகரக் கூடாது.

பையில்: எக்ஸ்ட்ராக்டரும் அதன் ஸ்பிரிங்கும், ரீகாயில் ஸ்பிரிங் ஒன்று, அறை துலக்கும் தூரிகை.

அறிகுறி: சிவப்புப் புள்ளி தெரியவில்லை, அல்லது புள்ளி நடுவில் இருந்தும் குண்டு தள்ளிப் போகிறது

தெரியவில்லை என்றால் பேட்டரி, அதன் தொடுமுனை, அல்லது கண்ணாடியில் தூசு. பலவற்றுக்கு சி.ஆர். 2032 பேட்டரி போதும். வாங்கும்போதே உங்களுடையதற்கு எந்த வகை, அதை மாற்றக் குறிநோக்கியையே கழற்ற வேண்டுமா என்று பாருங்கள். கழற்ற வேண்டிய வகையென்றால் பேட்டரியைப் பயணத்துக்கு முந்திய வாரமே மாற்றி, குறி சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

குண்டு தள்ளிப் போனால் திருகு. வெளியிலிருந்து பார்த்தால் இறுக்கமாகத்தான் தெரியும். இதற்கு ஒரு எளிய வழி: திருகின் தலையிலிருந்து அடித்தளம்வரை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு. கோடு விலகியிருந்தால் திருகு திரும்பியிருக்கிறது. காலையில் துப்பாக்கியைப் பையிலிருந்து எடுக்கும்போதே ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

வேறொரு குறிநோக்கியை மாட்டுவதற்கும் ரேஞ்ச் மாஸ்டர் அனுமதி வேண்டும் என்பதை மறக்காதீர்கள். குறி பார்க்காத புது நோக்கியை அந்த நேரத்தில் மாட்டினால் 20 மீட்டர் தகட்டை அடிப்பது அதிர்ஷ்டம். மாற்று நோக்கியை அதே துப்பாக்கியில் ஒரு நாள் மாட்டிக் குறி பார்த்து, எத்தனை 'கிளிக்' எந்தப் பக்கம் என்று எழுதி, அந்தச் சீட்டோடு டப்பாவில் போடுங்கள்.

பையில்: பேட்டரி மூன்று, பொருந்தும் ஆலன், டார்க்ஸ் சாவிகள், உபரித் திருகுகள், திருகுப் பசை, கண்ணாடி துடைக்கும் துணி. சிவப்புப் புள்ளி இல்லாமல் இரும்புக் குறி வைத்துச் சுடுபவர்களுக்கு முன்குறி ஒன்று.

அறிகுறி: க்ரோனோவில் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) எண் குறைகிறது

துப்பாக்கி ஒழுங்காகச் சுடுகிறது, ஆனால் போட்டி கையை விட்டுப் போகிறது. மனசுக்கு மிகவும் வலிப்பது இதுதான். பழுதின் எந்தச் சத்தமும் முன்கூட்டி வராது.

கணக்கு இப்படி. குண்டின் எடை கிரெய்னில், வேகம் வினாடிக்கு அடியில். இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் பவர் ஃபேக்டர். குறைந்தது 125 வேண்டும். 124 கிரெய்ன் குண்டென்றால் வேகம் 1,009 அடிக்குக் குறையக் கூடாது. அதிகாரிகள் உங்களிடமிருந்து 8 தோட்டா எடுப்பார்கள். ஒன்றைப் பிரித்துக் குண்டை எடை போடுவார்கள், மூன்றைச் சுடுவார்கள். எட்டவில்லையென்றால் இன்னும் மூன்று சுட்டு, ஆறில் வேகமான மூன்றின் சராசரி. அதுவும் போதாமல் 125-க்குக் கீழே நின்றால் மீதிப் போட்டியைச் சுடலாம், மதிப்பெண் கிடையாது.

உதைப்பு குறைய வேண்டுமென்று 126-ல் நிற்பவர்கள் இருக்கிறார்கள். டர்பன் வெயிலில் 126 வந்த தோட்டா ஹைவெல்ட் காலைக் குளிரில் அதே எண்ணைத் தரும் என்று நம்பக் கூடாது. குளிரில் பல வகை மருந்துகள் மெதுவாக எரியும். உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். க்ரோனோ வைக்கும் சில மீட்டர் தூரத்துக்குள் மெல்லிய காற்று செய்யும் வித்தியாசம் பொருட்டல்ல. குளிர்தான் எதிரி. 1,060 அடி வேகத்துக்கு நிரப்பினால் 131 வரும். அந்த ஐந்தாறு எண் இடைவெளியே உங்கள் மாற்றுச் சாமான்.

வீட்டிலேயே சோதிக்கலாம். கொஞ்சம் தோட்டாவை நனையாமல் கட்டி, ஐஸ் போட்ட கூலர் பாக்ஸில் இரவு முழுக்க வைத்து, காலையில் ரேஞ்சில் எடுத்தவுடன் சுட்டு வேகம் பாருங்கள். குளிர்ந்த தோட்டாவும் 128-க்கு மேல் வந்தால் ஜூலை மாதப் போட்டிக்குத் தைரியமாகப் போகலாம்.

எத்தனை தோட்டா? 12 ஸ்டேஜ் போட்டியில் சிறியது ஆறு, நடுத்தரம் நான்கு, பெரியது இரண்டு என்று வைத்தால் விதியின் உச்சக் கணக்கு 232. தவறியதற்குத் திரும்பச் சுடுவது, ஒன்றிரண்டு ரீஷூட், க்ரோனோவுக்கு 8, ஒதுக்க வேண்டிவரும் ஒரு தவணை. 350 எடுத்துப் போங்கள். ஆனால் இங்கே சட்டம் குறுக்கே வரும். சாதாரண உரிமத்தில் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் வழியாக 'டெடிகேட்டட் ஸ்போர்ட்ஸ் பெர்சன்' தகுதி பெற்றவர்களுக்கு அந்த வரம்பு இல்லை. வெளியூர்ப் போட்டிக்குப் போக ஆசைப்படும் தம்பி தங்கைகள் முதலில் செய்ய வேண்டியது அந்தத் தகுதியை வாங்குவது.

அறிகுறி: துப்பாக்கியே போய்விட்டது

ஃபிரேம் விரிசல், குழல் வீக்கம், ஸ்லைடு பிளவு. பாதுகாப்புப் பகுதியில் சரிசெய்ய முடியாதவை.

கிளப்புக்குப் புதிதாக வரும் தம்பிகள் கேட்பார்கள்: "அண்ணா, ஸ்பேர் பேரல் ஒண்ணு வாங்கி வெச்சுக்கட்டுமா?" நல்ல எண்ணம்தான். ஆனால் தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டு 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பேரல், ஃபிரேம், ரிசீவர் ஒவ்வொன்றும் தனியாகவே துப்பாக்கிதான். உரிமம் இல்லாமல் ஒரு பேரலைப் பையில் போட்டுக்கொண்டு மாகாணம் தாண்டினால், அது உரிமம் இல்லாத துப்பாக்கியை வைத்திருந்ததற்குச் சமம். ஸ்பிரிங், பின், எக்ஸ்ட்ராக்டர், மேகசின் இவற்றோடு அதைச் சேர்த்து எண்ணாதீர்கள்.

ஆகவே வழி இரண்டு.

ஒன்று, உரிமம் உள்ள இரண்டாவது துப்பாக்கி. ஒரே மாடலாக இருந்தால் மேகசின், ஹோல்ஸ்டர், உதிரி எல்லாம் இரண்டுக்கும் பொருந்தும். வேறு மாடலை மாற்றாக வைத்தால் எல்லாவற்றையும் இரண்டு மடங்கு சுமக்க வேண்டும். டெடிகேட்டட் தகுதி இல்லாதவர்களுக்கு மொத்தம் நான்கு உரிமம்தான் என்பதால், எதற்கு ஒன்றைச் செலவழிப்பது என்று யோசித்து விண்ணப்பியுங்கள். இந்த இரண்டாவது துப்பாக்கியால் போட்டித் தோட்டாவைச் சுட்டு வேகமும் பார்த்திருக்க வேண்டும். ரேஞ்ச் மாஸ்டர் மூன்று விஷயம் பார்ப்பார்: அதே பிரிவுக்குப் பொருந்துகிறதா, அதனால் உங்களுக்குக் கூடுதல் சாதகம் கிடைக்குமா, உங்கள் தோட்டா அதில் சுட்டாலும் பவர் ஃபேக்டர் எட்டுகிறதா. குழல் கொஞ்சம் குட்டையாக இருந்தாலே வேகம் குறையும். 126-ல் நின்றவருக்கு இங்கே இரண்டாம் அடி விழும்.

இரண்டு, கூட வந்தவரிடம் கடன். உரிமம் உள்ளவர் தன் நேரடிக் கண்காணிப்பில் மற்றவரைச் சுட விட சட்டம் இடம் கொடுக்கிறது. அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. அதனால் கடன் கொடுப்பவர் உங்கள் ஸ்க்வாடிலேயே (சேர்ந்து சுடும் குழு) இருப்பது நல்லது. கிளம்பும் முன்பே பேசிவையுங்கள்: "அண்ணே, என்னோடது போச்சுன்னா உங்களோடத எடுத்துக்கலாமா?" ஒரே பக்கியில் (பிக்கப் வண்டி) போகிற மூன்று பேர் ஒரே மாடல் வைத்திருந்தால் மூவருக்கும் சேர்த்து ஒரு உதிரிப் பெட்டி போதும். நம் ஆட்கள் கோயில் திருவிழாவுக்குச் சமையல் பாத்திரம் பங்கிட்டு எடுத்துப் போவதுபோல் இதையும் பங்கிடலாம்: ஒருவர் ஸ்பிரிங், ஒருவர் கருவி, ஒருவர் குறிநோக்கி.

அறிகுறி: விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்கிறார்கள்

டர்பன் கிங் ஷாக்கா விமான நிலையத்திலிருந்து பறப்பவர்கள் கட்டும் முறையே வேறு. துப்பாக்கி காலியாக, பூட்டிய கெட்டிப் பெட்டியில், செக்-இன் மேசையில் அறிவித்து ஒப்படைக்க வேண்டும். தோட்டா தனியே, ஒருவருக்கு மொத்தம் 5 கிலோ. 124 கிரெய்ன் குண்டுள்ள 9 மி.மீ. தோட்டா ஒன்று சுமார் 12 கிராம். பெட்டியின் எடையும் சேர்வதால் 400-ஐத் தொட முடியாது, 350 வசதியாக அடங்கும்.

தடுத்து நிறுத்தப்படுவது பெரும்பாலும் மற்ற சாமான்களால். ப்ரைமரும் மருந்தும் பயணிகள் பையில் எந்த வகையிலும் போகாது. தீப்பிடிக்கும் ஸ்பிரே டப்பாக்களும் போகாது. சுத்தம் செய்யும் திரவத்தைப் போன ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள். உபரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் டேப் ஒட்டி. பஞ்ச், சாவி, சுத்தியல், பித்தளைக் கம்பி எல்லாம் செக்-இன் பெட்டியில். உரிம அட்டை, அடையாள அட்டை, டெடிகேட்டட் சான்று, போட்டிப் பதிவுச் சீட்டு உங்கள் கையில். சான்றொப்பமிட்ட நகல்கள் இன்னொரு பையில்.

பெட்டி வந்து சேராமல் போகலாம். கண்ணாடி, காதுக் கவசம், சுடும் காலணி மூன்றையும் உடம்போடு கொண்டுபோனவர் கடன் துப்பாக்கியோடாவது சுடுவார். பவர் உள்ள கண்ணாடி போடுகிறவருக்கு அந்த ஊரில் யாரும் கடன் தர முடியாது.

அறிகுறி: சாலையே அடைபட்டுவிட்டது

2024 செப்டம்பரில் பனி கொட்டி என்3 ஹாரிஸ்மித், வான் ரீனன் பக்கம் மூடப்பட்டு, வாகனங்கள் இரவெல்லாம் சிக்கிக் கிடந்தன. செப்டம்பர் நமக்கு வசந்தகாலம். கம்பளி, தண்ணீர், கட்டுச்சோறு இல்லாமல் அந்தக் கணவாயைத் தாண்டாதீர்கள். புளிச்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் குளிரில் இரண்டு நாள் தாங்கும். வண்டியை விட்டு இறங்க நேர்ந்தால் துப்பாக்கி உங்களோடு இறங்க வேண்டும். உங்கள் நேரடிக் கட்டுப்பாட்டில் இல்லாத துப்பாக்கி சட்டம் கேட்கும் பெட்டகத்தில் இருக்க வேண்டும். பெட்ரோல் பங்கில் பூட்டி நிறுத்திய வண்டி பெட்டகம் ஆகாது. கழிப்பறைக்குப் போவதென்றாலும் ஒருவர் வண்டியில் இருங்கள். தங்கும் இடத்தில் பெட்டகம் உண்டா என்று அறை பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

சின்னச் சின்ன அறிகுறிகள்

ஹோல்ஸ்டர் ஆடுகிறது: திருகு கழன்றிருக்கும். இரண்டு திருகும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும். மேகசின் உறைக்கும் அதேதான்.

எலக்ட்ரானிக் காதுக் கவசம் செத்துவிட்டது: பேட்டரி. அதற்கும் மேலே பஞ்சு அடைப்பான் ஒரு ஜோடி எப்போதும் சட்டைப் பையில்.

கண்ணாடி மூடுபனி பிடிக்கிறது: குளிர்ந்த அறையிலிருந்து நேரே வெயிலுக்கு எடுத்து வந்திருப்பீர்கள். அரை மணி முன்பே வெளியே வையுங்கள்.

மழை: கோடையில் ஹைவெல்ட் மதியங்களில் இடியோடு கொட்டும், ஒரு மணி நேரத்தில் ஓயும். இரண்டு துண்டு, ஒரு பெரிய பிளாஸ்டிக் பை. ஈரக் கைப்பிடி வழுக்கினால் சாக்பீஸ் தூள்.

துப்பாக்கி மேல் செம்புள்ளி துரு: நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தைப் பெட்டிக்குள் இருக்கும் ஸ்பாஞ்சு உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சிலிக்கா ஜெல் பாக்கெட்டை மாதாமாதம் மாற்றுங்கள். போட்டி முடிந்து இறங்கி வரும்போது குளிர்ந்த உலோகத்தில் டர்பன் காற்று படும், நீர் கோக்கும். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து, துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, பெட்டகத்தில் வையுங்கள். எடுத்துப் போன உதிரிகளில் எது தீர்ந்தது என்று அன்றிரவே பார்த்து, அதே வாரம் வாங்கிப் போட்டுவிடுங்கள். அடுத்த போட்டிக்கு முந்திய நாள் துப்பாக்கிக் கடையில் அந்த ஸ்பிரிங் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.